ஜப்பானிய மொழியில் உயர்நிலைப் புலமை: பல்கலைக்கழகம் தருவதும் தராததும்

ஒரு மொழியைப் பேசிச் சமாளிப்பதற்கும், அந்த மொழியிலேயே ஒரு துறையைக் கற்று, வாதிட்டு, எழுதித் தேர்வதற்கும் இடையிலுள்ள தொலைவு எல்லா மொழிகளிலும் உண்டு என்றாலும், ஜப்பானிய மொழியில் அது வழக்கத்தைவிட நீளமானது. கடைக்குப் போகவும் ரயில் ஏறவும் நண்பரோடு அளவளாவவும் போதுமான ஜப்பானியத்தை ஓரிரு ஆண்டு முயற்சியில் பெற்றுவிடுபவர் பலர்; நாளிதழின் தலையங்கத்தைத் தடங்கலின்றிப் படித்து, அதை மறுத்து இரண்டு பக்கம் பிழையின்றி எழுதக்கூடியவர் மிகச் சிலர். இந்த இரண்டாவது நிலையே இங்கு உயர்நிலைப் புலமை எனப்படுகிறது. பல்கலைக்கழகக் கல்வி அதை எந்த அளவுக்கு உருவாக்குகிறது, எந்த இடத்தில் மாணவரைக் கைவிடுகிறது, தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு அந்த வழியில் எது இலகு, எது சுமை என்பவை இக்கட்டுரையின் கேள்விகள்.

முதலில் நேரக்கணக்கைப் பார்ப்பது நல்லது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம் தன் தூதரக அலுவலர்களுக்காக மொழிகளைக் கடினத்தின்படி வகுத்து வைத்திருக்கிறது. அதில் ஜப்பானியம் அரபு, சீனம், கொரிய மொழிகளோடு கடைசி வகுப்பில் நிற்கிறது. ஆங்கிலம் பேசுபவர் பணிக்கு வேண்டிய திறனை எட்ட 88 வாரம், ஏறத்தாழ 2,200 வகுப்பு மணி நேரம் தேவை என்பது அந்நிறுவனத்தின் கணிப்பு. சாதாரணப் பல்கலைக்கழகம் ஒன்றில் வாரத்துக்கு ஐந்து மணி நேரம், ஆண்டுக்கு முப்பது வாரம் என்று வைத்துக்கொண்டால் ஓராண்டில் 150 மணி நேரம்தான் தேறும்; நான்கு ஆண்டு முடிந்து பட்டம் கையில் வரும்போது 600 மணி நேரம் ஆகியிருக்கும். அதாவது மொழியைப் பட்டப்படிப்பாகவே எடுத்துப் படித்தவரும், வகுப்பறையை மட்டும் நம்பினால், கால்வாசித் தொலைவை ஒட்டித்தான் நிற்கிறார். பட்டம் பெற்றும் பேச வரவில்லை, படிக்க வரவில்லை என்று மாணவர் தம்மை நொந்துகொள்வதில் பெரும்பகுதிக்குக் காரணம் அவருடைய அறிவு அன்று, வெறும் பெருக்கல் கணக்கு.

இந்தக் குறையை நிரப்ப வரலாற்றில் இரண்டு வழிகள் முயன்று பார்க்கப்பட்டன: அந்த நாட்டில் வாழ்ந்து கற்பது ஒன்று, நூலின் வழியே கற்பது மற்றொன்று. முதல் வழிக்குப் பழைய எடுத்துக்காட்டு போர்த்துகீசிய இயேசு சபைத் துறவி ஜுவாவ் ரொத்ரிகஸ். பதின்ம வயதிலேயே ஜப்பானில் வந்திறங்கி, மொழிபெயர்ப்பாளர் என்ற பட்டப்பெயரே நிலைக்கும் அளவுக்குத் தேர்ந்த அவர் எழுதிய ஜப்பானிய இலக்கணம் 1604 முதல் 1608 வரை நாகசாகியில் அச்சானது. அதே சபையினர் தொகுத்த ஜப்பானிய–போர்த்துகீசிய அகராதி 1603இல் வெளிவந்து, ஏறத்தாழ 32,000 சொற்களைத் தந்தது. முத்துக்குளித்துறையில் ஹென்ரிக் ஹென்ரிக்ஸ் தமிழ் இலக்கணம் எழுதி, 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டதும் இதே சபையின் இதே அலையில்தான் என்பதால், ஐரோப்பியர் தமிழையும் ஜப்பானியத்தையும் முறையாகக் கற்கத் தொடங்கிய வரலாறுகள் உடன்பிறந்தவை எனலாம். இரண்டாவது வழிக்கு எடுத்துக்காட்டு நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜப்பானியம் போதித்த யோஹான் ஹாஃப்மன். ஜப்பான் மண்ணை ஒருமுறைகூட மிதிக்காமல், கையெழுத்துப் படிகளையும் அச்சு நூல்களையும் கொண்டே அவர் இலக்கணம் எழுதினார். பின்வந்த பல்கலைக்கழகத் துறைகள் நெடுங்காலம் ஹாஃப்மனின் வழியிலேயே நடந்தன. மாணவர் பண்டைய நூலைப் பிரித்துப் பொருள் சொல்வார், ஆனால் தேநீர் கேட்கத் தடுமாறுவார்.

இந்த இரண்டையும் இணைக்க வேண்டிய கட்டாயத்தை உண்டாக்கியது இரண்டாம் உலகப் போர். அமெரிக்கக் கடற்படை 1941இல் தொடங்கிய ஜப்பானிய மொழிப் பள்ளி முதலில் கலிபோர்னியாவின் பெர்க்லியிலும் ஹார்வர்டிலும் நடந்தது; ஜப்பானிய வம்சாவளியினர் அனைவரும் மேற்குக் கரையை விட்டு வெளியேற்றப்பட்டபோது, ஆசிரியர்களே அவர்கள்தான் என்பதால், 1942இல் பள்ளி கொலராடோ மாநிலத்தின் போல்டருக்கு இடம் பெயர்ந்தது. தன் குடிமக்களை முகாமில் அடைத்த அரசு, அவர்களிடமே தன் அதிகாரிகளை மொழி கற்க அனுப்பியது என்பது அந்தப் போரின் முரண்களில் ஒன்று. வாரத்துக்கு ஆறு நாள், வேறு வேலை ஏதுமின்றி, நாகனுமா நாவோஏ தொகுத்த வாசகப் புத்தகங்களைக் கொண்டு ஏறத்தாழ ஓராண்டு நடந்த அந்தப் பயிற்சியிலிருந்துதான் டொனால்ட் கீன், எட்வர்ட் சைடன்ஸ்டிக்கர் போன்றோர் வந்தனர். கைப்பற்றப்பட்ட ஜப்பானியச் சிப்பாய்களின் நாட்குறிப்புகளை, அவை அவசரக் கையெழுத்தில் கிறுக்கப்பட்டவை ஆயினும், கீன் படித்து மொழிபெயர்த்தார். போருக்குப் பின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய இலக்கியப் பேராசிரியரானார். சைடன்ஸ்டிக்கர் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த ‘கெஞ்சியின் கதை’யை 1976இல் ஆங்கிலத்தில் தந்தார்.

போர் முடிந்ததும் அந்த வேகமும் முடிந்தது. பல்கலைக்கழகங்கள் வாரத்துக்கு ஐந்து மணி நேரத்துக்குத் திரும்பின. இடைநிலை வரை மாணவரை வளர்த்துவிட்டு அதற்கு மேல் ஏற்ற இயலாத நிலையில், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 1961இல் டோக்கியோவில் தொடங்கிய மையம் 1963இல் பல பல்கலைக்கழகங்களின் கூட்டு மையமாக மாறி, 1987 முதல் யோகஹாமாவில் இயங்குகிறது. ஏற்கெனவே சில ஆண்டுகள் படித்த மாணவரைப் பத்து மாதம் முழுநேரமாக வைத்துப் பயிற்றி, இறுதியில் தத்தம் துறை பற்றி ஜப்பானியத்திலேயே அவையில் உரையாற்றச் செய்வது அதன் முறை. பல்கலைக்கழகங்கள் தாமே சேர்ந்து, தம்மால் வளாகத்துக்குள் செய்ய முடியாததைச் செய்ய வெளியே ஒரு மையம் அமைத்தன என்பதே, வளாகக் கல்வியின் எல்லை எது என்பதற்கு அவை தந்த ஒப்புதல் வாக்குமூலம்.

நேரம் ஏன் இவ்வளவு வேண்டியிருக்கிறது? முதற்காரணம் எழுத்து. ஜப்பானியம் மூன்று எழுத்து முறைகளைக் கலந்து எழுதுகிறது: அசைகளைக் குறிக்கும் ஹிரகானா, பெரும்பாலும் அயற்சொற்களுக்கான கட்டகானா, சீனத்திலிருந்து பெற்ற பொருளெழுத்தான கான்ஜி. முதல் இரண்டும் தமிழ் மாணவருக்குச் சில வாரங்களில் வந்துவிடும். அவற்றின் வரிசையே அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி க, ச, த, ந என்று போவதைக் கண்டு அவர் வியப்பதும் உண்டு. வியப்புக்கு இடமில்லை, பௌத்த மந்திரங்களுக்காகச் சித்தம் என்ற இந்திய எழுத்தைப் பயின்ற ஜப்பானியத் துறவியர் வழியே சென்ற இந்திய ஒலியியலின் வரிசைதான் அது. கான்ஜிதான் மலை. தொடக்கப்பள்ளியின் ஆறு ஆண்டுகளில் ஜப்பானியக் குழந்தைகள் 1,026 எழுத்துகளைக் கற்கிறார்கள். பொதுப் பயன்பாட்டுக்கென அரசு 2010இல் திருத்திய பட்டியலில் 2,136 எழுத்துகள் உள்ளன. எண்ணிக்கையைவிடத் தொல்லை தருவது ஓர் எழுத்துக்குரிய பல ஒலிகள். பலவற்றுக்குச் சீன வழி ஒலிப்பும் நாட்டு வழி ஒலிப்பும் உண்டு. உயிர், பிறப்பு, பச்சை ஆகிய பொருள்களைத் தாங்கும் ஒரே எழுத்து, மாணவரைக் குறிக்கும் ‘ககுசெய்’ என்ற சொல்லில் ‘செய்’ என்றும், வாழ்நாளைக் குறிக்கும் ‘இஷ்ஷோ’வில் ‘ஷோ’ என்றும், வாழ்தலைக் குறிக்கும் ‘இகிரு’வில் ‘இ’ என்றும், பிறத்தலைக் குறிக்கும் ‘உமரெரு’வில் ‘உ’ என்றும், சமைக்காத பச்சை மீனைச் சொல்லும்போது ‘நமா’ என்றும், பச்சைப் பட்டு நூலில் ‘கி’ என்றும் ஒலிக்கும். எந்த இடத்தில் எது என்று உறுதியாகச் சொல்ல விதி கிடையாது. பலமுறை படித்த பழக்கம் ஒன்றே துணை.

உயர்கல்விக்கு இதில் இன்னொரு கூர்மை உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலை அறிவியலையும் மெய்யியலையும் தம் மொழிக்குக் கொண்டுவந்த ஜப்பானிய அறிஞர்கள், மெய்யியலுக்கு நிஷி அமானே படைத்த ‘தெத்சுககு’ போன்ற ஆயிரக்கணக்கான கலைச்சொற்களைக் கான்ஜிகளை இணைத்தே உருவாக்கினர். அதன் பயனாகச் சட்டம், மருத்துவம், பொறியியல் எதுவாயினும் முனைவர் பட்டம் வரை ஜப்பானியத்திலேயே படிக்க முடிகிறது. ஆனால் இச்சொற்களில் பல ஒரே ஒலியுடையவை: ‘கோஷோ’ என்று காதில் விழுவது பேச்சுவார்த்தையாகவும் இருக்கலாம், வாய்மொழி மரபாகவும் இருக்கலாம், உயர்ந்த ரசனையாகவும் இருக்கலாம். விரிவுரையைக் கேட்கும் ஜப்பானியர் மனத்துக்குள் எழுத்தைக் கண்டே பொருளை முடிவு செய்கிறார். எழுத்தை அறியாத வேற்று நாட்டவருக்குக் கேட்டல் திறனும் ஒரு கட்டத்துக்கு மேல் வளராது. கான்ஜியைத் தள்ளிப்போட்டுப் பேச்சை மட்டும் முதலில் கற்கலாம் என்ற எண்ணம் தொடக்கநிலையில் பலிக்கும், உயர்நிலையில் பலிக்காது.

இலக்கணத்தின் பக்கம் வந்தால் தமிழ் மாணவரின் நிலை வேறு. ஆங்கிலம் பேசுபவர் முதல் இரண்டு ஆண்டுகளில் முட்டி மோதும் இடங்களில் பெரும்பாலானவை தமிழர் வீட்டு முற்றம் போன்றவை. வினை இறுதியில் நிற்கும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும், அடைமொழி முன்னால் வரும் என்பவை அடிப்படை. அதற்கு மேலும் ஒற்றுமை ஆழமாகப் போகிறது. ‘தபெதெ மிரு’ என்பது சொல்லுக்குச் சொல் ‘சாப்பிட்டுப் பார்’. ‘கத்தெ ஒகு’ என்பது ‘வாங்கி வை’. ‘வசுரெதெ ஷிமாவு’ என்பது ‘மறந்துவிடு’. ‘யொந்தெ இரு’ என்பது ‘படித்துக்கொண்டிரு’. வினையெச்சத்தோடு துணைவினை சேர்ந்து, ‘பார்’ என்பது கண்ணை விட்டு முயற்சியையும், ‘வை’ என்பது கையை விட்டு முன்னேற்பாட்டையும் குறிக்கும் இந்த நுட்பத்தை ஆங்கில வழிப் பாடநூல்கள் பத்திகளாக விளக்குகின்றன. தமிழருக்கு ஒரு வரி போதும். ‘தரெ’ என்றால் யார். கேள்வி உருபான ‘கா’ சேர்ந்தால் ‘தரெகா’, யாரோ. ‘மோ’ சேர்ந்தால் ‘தரெமோ’, யாரும். தமிழின் ஓகாரமும் உம்மையும் செய்யும் வேலையை அவை அப்படியே செய்கின்றன. ‘சகனா ஒ யகு நியோய்’ என்ற தொடரை ஆங்கிலத்தில் பெயர்ப்பவர் சுற்றி வளைக்க வேண்டும். தமிழில் அது ‘மீன் சுடும் வாசனை’, பெயரெச்சம் பெயரெச்சமாகவே நிற்கிறது.

இன்றைய தமிழ் இழந்ததையும் ஜப்பானியம் சில இடங்களில் நினைவூட்டுகிறது. ‘கொரெ’, ‘சொரெ’, ‘அரெ’ என்ற மூன்று சுட்டுகளில் நடுவிலுள்ளது கேட்பவருக்கு அருகில் இருப்பதைக் குறிக்கும். தமிழ்நாட்டில் இது, அது என்ற இரண்டே மிஞ்சிவிட்டதால் அங்குள்ள மாணவர் திகைக்கிறார், ‘உது’ என்று இன்றும் சொல்லும் யாழ்ப்பாணத்தவருக்குத் திகைப்பில்லை. தொல்காப்பியர் அ, இ, உ மூன்றையும் சுட்டு என்றே வைத்தார். அவ்வாறே, தன்னை நோக்கி வரும் ஈகைக்குத் ‘தா’, பிறரை நோக்கிச் செல்லும் ஈகைக்குக் ‘கொடு’ என்று பழந்தமிழ் பேணிய வேறுபாடு, ஜப்பானியத்தில் ‘குரெரு’, ‘அகெரு’ என்று உயிரோடிருக்கிறது. அதைப் பிழையாகச் சொன்னால் யார் யாருக்குத் தந்தார் என்பதே தலைகீழாகிவிடும்.

இத்தகைய ஒற்றுமைகளைக் கண்ட ஜப்பானிய மொழி அறிஞர் ஓனோ சுசுமு, 1980களில் தொடங்கி, இரு மொழிகளும் உறவுடையவை என்று வாதிட்டுச் சொற்பட்டியல்களும் நூல்களும் வெளியிட்டார். சென்னைக்கும் வந்து தமிழறிஞர்களோடு பணியாற்றினார். தமிழகத்தில் அது பெருமிதத்தோடு வரவேற்கப்பட்டாலும், ஒழுங்கான ஒலி மாற்ற விதிகளைக் கொண்டு அது நிறுவப்படவில்லை என்பதால் வரலாற்று மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. மாணவரைப் பொறுத்தவரை இந்த வழக்கு எப்படி முடிந்தாலும் ஒன்றுதான். வாக்கிய அமைப்பு ஒத்திருப்பதால் வரும் பயன் உறவுமுறையைச் சார்ந்ததன்று.

உயர்நிலையில் இந்தப் பயன் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை ஆய்வுக் கட்டுரை நடையிலான ஒரு மாதிரி வாக்கியத்தைக் கொண்டு காணலாம். “சென்சென் நோ நோசொன் நி ஒகெரு ஜினுஷி நோ யகுவரி நி த்சுய்தெ வா, கொரெ மதெ ஓகு நோ கென்க்யூ கா ஒகொனவரெதெ கிதா கா, ஜொசெய் நோ ரோதோ நி ச்சூமொகு ஷிதா மோனோ வா சுகுனாய் தோ இவசாரு ஒ எனாய்.” போருக்கு முந்தைய சிற்றூர்களில் நிலக்கிழாரின் பங்கு பற்றி இதுவரை பல ஆய்வுகள் செய்யப்பட்டு வந்தன எனினும், பெண்களின் உழைப்பைக் கவனித்தவை குறைவு என்று சொல்லாமல் இருக்க முடியாது என்பது இதன் பொருள். எந்தச் சொல்லையும் இடம் மாற்றாமலே இந்தத் தமிழ் வாக்கியம் அமைந்துவிட்டது. ‘ஒகொனவரெதெ கிதா’ என்பது செயப்பாட்டு வினையும் தமிழின் ‘வா’ என்ற வினைக்கு நிகரான துணைவினையும் சேர்ந்த ‘செய்யப்பட்டு வந்தன’. ‘நி த்சுய்தெ’ என்பது ‘ஒட்டு, பற்று’ என்ற வினையின் எச்சம், தமிழின் ‘பற்றி’ பற்று என்ற வினையிலிருந்து வந்ததைப் போலவே. ஆனால் இறுதியிலுள்ள ‘இவசாரு ஒ எனாய்’ என்ற தொடரில் மாணவர் இடறுவார். அங்கே நிற்கும் ‘சாரு’ இன்றைய பேச்சில் இல்லாத பழைய எதிர்மறை விகுதி. ஜப்பானிய எழுத்து நடை 19ஆம் நூற்றாண்டின் இறுதி வரை ‘புங்கோ’ எனப்படும் பழைய நடையிலேயே இருந்தது. ஃபுதபதேய் ஷிமேய் 1887இல் வெளியிடத் தொடங்கிய ‘உகிகுமோ’ என்ற நாவல் பேச்சுமொழிக்கு நெருங்கிய உரைநடையை நிலைநாட்டியவற்றுள் முதன்மையானது. நடை மாறிய பின்னும் பழைய விகுதிகள் சட்டத்திலும் தலையங்கத்திலும் ஆய்வுரையிலும் புதைந்து கிடக்கின்றன. பழைய இலக்கணம் இலக்கிய மாணவருக்கு மட்டுமே என்று ஒதுக்கும் பாடத்திட்டங்கள் இந்த இடத்தில் தவறு செய்கின்றன. ஒரு பருவமாவது புங்கோ படித்தவர் பொருளியல் கட்டுரையையும் நிதானமாகப் படிப்பார்.

எழுதுதல் இதைவிடக் கடினமானது. பேச்சுக்கும் பணிவான கடிதத்துக்கும் உரிய ‘தெஸு, மஸு’ முடிபுகளை விட்டு, ‘தெ அரு’ என்ற முடிபில் கட்டுரை நடக்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கத்தில் கலப்பது வேற்று நாட்டு மாணவரின் மாறாத பிழை. ‘ஆனா’ என்று பேசுபவர் ‘எனினும்’ என்று எழுதுவதைப் போல, ‘தெமோ’ எழுத்தில் ‘ஷிகஷி’ ஆகிறது, ‘தகரா’ என்பது ‘ஷிதகத்தெ’ ஆகிறது, ‘தக்சான்’ என்பது ‘ஓகு’ ஆகிறது. நான் நினைக்கிறேன் என்று பொருள்படும் ‘தோ ஒமோவு’ ஆய்வுரையில் விலக்கப்பட்டு, ‘எனக் கருத இடமுண்டு’ என்பதற்கு நிகரான ‘தோ கங்கயெராரெரு’ வருகிறது. பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் வேறாக இருக்கும் இரட்டை வழக்கில் வளர்ந்தவருக்கு இது புதிய பாடம் அன்று. ஆயினும் எந்தச் சொல் எந்தத் தட்டில் நிற்கும் என்பதை ஒவ்வொன்றாகவே அறிய வேண்டும். அதற்கு எழுதித் திருத்தப்படுவதைத் தவிர வேறு வழியில்லை.

மரியாதை மொழியான ‘கெய்கோ’ பற்றிப் பலரும் அச்சுறுத்துவதுண்டு. ஜப்பான் அரசின் பண்பாட்டு ஆலோசனைக் குழு 2007இல் அதை ஐந்து வகையாகப் பிரித்து விளக்கியது என்றாலும், அடிப்படை உயர்த்திச் சொல்லலும் தாழ்த்திச் சொல்லலும்தான். போவதைக் குறிக்கும் ‘இகு’, மதிப்புக்குரியவர் போனால் ‘இரஷ்ஷாரு’, தான் போனால் ‘மயிரு’. வடிவங்கள் சில மாதங்களில் மனப்பாடமாகும். தமிழர் தவறுவது வேறோர் இடத்தில்: வெளியாரிடம் பேசும்போது தம் நிறுவனத்தின் மேலாளரையும் தாழ்த்தியே சொல்ல வேண்டும், ‘எங்கள் மேலாளர் வந்திருக்கிறார்’ என்று ஆர் விகுதியோடு பேசிப் பழகிய நாக்கு, மேலாளரை அடைமொழியின்றி வெறும் ‘தனாகா’ என்று சொல்லக் கூசுகிறது. தமிழில் மரியாதை ஆளைப் பொறுத்தது; அங்கே அது, யாரிடம் பேசுகிறோம், யார் நம் பக்கம் என்பதையும் பொறுத்தது.

இவ்வளவையும் அளக்கும் கருவியாக உலகம் ஏற்றுக்கொண்டிருப்பது 1984இல் தொடங்கி, 2010 முதல் ‘என்5’இலிருந்து ‘என்1’ வரை ஐந்து நிலைகளாக நடக்கும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வு. பழைய முறையில் உச்ச நிலைக்கு 900 மணி நேரப் படிப்பு, 2,000 கான்ஜி, 10,000 சொற்கள் என்று வரையறை இருந்தது. இன்றைய ‘என்1’ தேர்வு சொல்லும் இலக்கணமும், வாசிப்பு, கேட்டல் என்ற மூன்று பகுதிகளில் 180 மதிப்பெண்ணுக்கு நடக்கிறது. 100 பெற்றால், ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 19 இருந்தால், தேர்ச்சி. எல்லாமே கொடுத்த விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. ஒரு வரி எழுதவும் ஒரு சொல் பேசவும் வேண்டியதில்லை. ஜப்பான் குடியேற்றத் துறை உயர்திறன் பணியாளருக்கான புள்ளிக் கணக்கில் ‘என்1’ தேர்ச்சிக்கு 15 புள்ளி தருவதால் அதன் மதிப்பு சந்தையில் ஏறியிருக்கிறது. ஆனால் புலமையின் முடிவாக அதைக் கொள்வது, ஓட்டுநர் உரிமத்தை நெடும்பயண அனுபவமாகக் கொள்வதற்கு நிகர். ‘என்1’ முடித்தவர் படிக்கத் தகுதி பெற்றிருக்கிறார். எழுதவும் வாதிடவும் கற்றாரா என்பதை அந்தத் தேர்வு கேட்கவேயில்லை.

ஜப்பானியப் பல்கலைக்கழகங்கள் இதை அறிந்தே இருக்கின்றன. 2002இல் அறிமுகமான வெளிநாட்டு மாணவர் நுழைவுத் தேர்வின் ஜப்பானிய மொழித் தாளில், 30 நிமிடத்தில் 400 முதல் 500 எழுத்துகளில் ஒரு கருத்தை வாதிட்டு எழுத வேண்டும். சேர்ந்த பின், மேல் ஆண்டுகளில் மாணவரை உருவாக்குவது ‘ஸெமி’ என்ற சிறு கருத்தரங்க வகுப்பு. ஒரு பேராசிரியர், பத்துப் பதினைந்து மாணவர். முறை வரும் மாணவர் தாம் படித்த நூலின் சுருக்கத்தையும் தம் கேள்விகளையும் ‘ரெஜுமே’ எனப்படும் ஓரிரு தாளில் அச்சிட்டு எல்லோருக்கும் கொடுத்து விளக்க, மற்றவர் குறுக்குக் கேள்வி கேட்பர். தாளிலுள்ள ஒரு கான்ஜியைத் தவறாக ஒலித்தால் அவையில் அது வெளிப்படும். ஓர் உருபைத் தவறாகப் போட்டால் வாதமே பிசகும். மொழி பாடமாக இருந்த நிலை மாறி, வேறொன்றைப் பேசுவதற்கான கருவியாக ஆவது இங்கேதான். பல பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவருக்கு ஒரு ஜப்பானிய மாணவரைத் துணையாக அமர்த்துகின்றன. கட்டுரை வரைவை அவர் சிவப்பு மையில் திருத்தித் தரும் வாராந்திர அரைமணி நேரம், பல பாடநூல்கள் செய்யாததைச் செய்துவிடும்.

எனினும் வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கை பெருகிய அளவுக்கு இந்தப் பயிற்சி பெருகவில்லை. 2008இல் அரசு அறிவித்த மூன்று லட்சம் மாணவர் திட்டம் 2019இல் 3,12,214 என்ற எண்ணிக்கையோடு நிறைவேறியது. 2033க்குள் நான்கு லட்சம் என்பது அடுத்த இலக்கு. மூன்று லட்சம் இலக்குக்காகவே 2009இல் 13 பல்கலைக்கழகங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஆங்கிலத்தில் மட்டுமே படித்துப் பட்டம் பெறும் படிப்புகள் பரவின. அறிவியல் ஆய்வுக்கு வரும் இந்தியருக்கு அவை வசதியே. ஆனால் நான்கு ஆண்டு ஜப்பானில் வாழ்ந்து, கடைத்தெரு ஜப்பானியத்தோடு திரும்பும் பட்டதாரியை உருவாக்குபவையும் அவையே. நாட்டில் வாழ்வதால் மட்டும் மொழி ஏறிவிடாது என்பதற்கு அவர்களைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

மறுபுறம், இந்த வழி எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதைக் காட்டுபவர்களும் உண்டு. அமெரிக்கரான லேவி ஹிதேயோ, ஜப்பானின் மிகப் பழைய பாடல் தொகுதியான ‘மன்யோஷூ’வை மொழிபெயர்த்து 1982இல் அமெரிக்கத் தேசிய நூல் விருது பெற்ற ஆய்வாளர், பின்னர் ஜப்பானியத்திலேயே நாவல் எழுதத் தொடங்கினார். 1987இல் சீனாவிலிருந்து ஜப்பானுக்கு வந்து ஒச்சனொமிசு பல்கலைக்கழகத்தில் படித்த யாங் யீ, 2008இல் அகுதகவா பரிசு பெற்றார். ஜப்பானியத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒருவருக்கு அப்பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை. தைவானில் பிறந்து வசேதாவில் முதுநிலை முடித்த லி கொதோமி 2021இல் அதே பரிசைப் பெற்றார்.

இந்தியாவில் விசுவபாரதி, தில்லிப் பல்கலைக்கழகம், ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், ஐதராபாத்தின் ஆங்கில மற்றும் அயல்மொழிப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் ஜப்பானியம் பட்டப்படிப்பு அளவில் கற்பிக்கப்படுகிறது. ஒரகடம் போன்ற இடங்களில் ஜப்பானிய ஆலைகள் பெருகிய தமிழ்நாட்டில், கற்பவர் பலர், திறன் தேர்வு மையமாகச் சென்னையும் உண்டு. ஆனால் கற்பித்தல் பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்கு வெளியே, தனிப் பயிற்சி மையங்களில், தேர்வையும் வேலையையும் குறிவைத்து நடக்கிறது. ‘என்3’, ‘என்2’ வரை வந்து மொழிபெயர்ப்பாளராகவோ மென்பொருள் நிறுவன இணைப்பாளராகவோ பணியில் அமர்பவர் அத்தோடு நின்றுவிடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, அதற்கு மேல் படிக்க இங்கே இடமில்லை. விளக்கமும் பெரும்பாலும் ஆங்கில வழியிலேயே வருவதால், ‘சாப்பிட்டுப் பார்’ என்று ஒரு நொடியில் புரிய வேண்டியதை மாணவர் ஆங்கிலத்துக்குப் போய்ச் சுற்றிவிட்டுத் தமிழுக்குத் திரும்பிப் புரிந்துகொள்கிறார்.

தமிழகப் பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டியது பெருஞ்செலவுக்குரியதன்று. வினையெச்சம், பெயரெச்சம், துணைவினை, உம்மை, சுட்டு என்ற தமிழ் இலக்கணச் சொற்களைக் கொண்டே எழுதப்பட்ட ஒரு ஜப்பானிய இலக்கண நூலும், ‘என்2’ முடித்தவர்களை வைத்து ஜப்பானிய நூல் ஒன்றை வாரம் இரண்டு பக்கமாக ஓராண்டு படித்து, படித்ததைப் பற்றி மாதம் ஒரு பக்கம் ஜப்பானியத்தில் எழுத வைக்கும் ஒரு வகுப்பும் போதும். தமிழ்த் துறையில் இலக்கணம் அறிந்தவர்களும், சென்னையில் ஜப்பானியம் கற்பித்து நரைத்தவர்களும் ஒரே நகரத்தில் இருக்கிறார்கள். அவர்களை ஒரு மேசையில் அமர்த்தும் பொறுப்பைப் பல்கலைக்கழகம் ஒன்று ஏற்க வேண்டும்.